எர்லாங்கனில் இட்லி மாவுக்கு நடந்த விசாரணை

நான் ஜெர்மனிக்குப் போனது சமைக்க. என் தம்பி அருள், எர்லாங்கனில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான். அங்கே ஒரு வழக்கம். கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்ததும், வந்திருக்கிற எல்லோருக்கும் பட்டம் வாங்குகிறவனின் வீட்டார் விருந்து வைக்க வேண்டும். அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு வீட்டார் என்றால் நான் ஒருத்திதான். "நீ வந்து தோசை சுட்டா போதும் அக்கா" என்று கூப்பிட்டான்.

நான் திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. புது ஆட்களிடம் பேச எனக்கு வாய் வராது. கடையில்கூட முகத்தைப் பார்க்காமல் பில்லைப் பார்த்தே நன்றி சொல்லிப் பழகிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாரத்தில் நான் பட்ட கோபமெல்லாம் வாயை மூடிக்கொண்டு பட்டது. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

விசா வாங்கிய கதையை எழுதினால் அது தனிக் கோபம். விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்ன அருள் வரவில்லை. "லேப்ல அவசரமா கூப்பிட்டுட்டாங்கக்கா, நீ ரயில் ஏறி வந்துடு" என்று போனில் வழி சொன்னான். சனிக்கிழமை என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றவில்லை. நியூரன்பெர்க் வரை ஒழுங்காக வந்தேன். அங்கே ரயில் மாறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். எர்லாங்கன் வந்ததும் போனதும் தெரியாது. விழித்தபோது பாம்பெர்க் என்று பலகை. என் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலைத் தட்டி ஒரு அம்மா கேட்டார். "தங்கச்சி, தமிழோ? எங்கை போறியள்?"

"எர்லாங்கன்."

"ஐயோ, அது எப்பவோ போயிட்டுது. இறங்குங்கோ, இறங்குங்கோ. இந்த ரயிலை இஞ்சை ரெண்டாப் பிரிக்கிறவை. முன்னுக்கு ஒரு ஊருக்குப் போகும், பின்னுக்கு இன்னொரு ஊருக்குப் போகும்."

இறங்கிப் பார்த்தால் உண்மைதான். ஒன்றாக வந்த வண்டியை நடுவில் கழற்றி ஆளுக்கொரு திசையில் அனுப்புகிறார்கள். ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். ஜெர்மனில் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் என்றால் பெட்டியில் இருக்கிற யாராவது தோளைத் தட்டி, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே என்னைத் தாண்டிப் போன அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் பெயர் வசந்தி. யாழ்ப்பாணத்துக்காரர். எர்லாங்கனில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, வீடு பாம்பெர்க்கில். வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர், என்னோடு நடைமேடையில் காத்திருந்து சரியான வண்டியில் ஏற்றிவிட்டார். என் போனை வாங்கித் தன் நம்பரைப் போட்டார். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. விருந்துக்கு ஆள் தேவையெண்டால் சொல்லுங்கோ, வாறன். கூச்சப்படாதேங்கோ." எனக்கு இருந்த கூச்சத்தை அவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

எர்லாங்கனில் அருள் காத்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், ஆனால் கண்ணில் அது இல்லை. இளைத்திருந்தான். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

மறுநாள் ஞாயிறு. ஊரே பூட்டிக் கிடந்தது. ஒரு பச்சைமிளகாய் வாங்க வழியில்லை. அருள் வாங்கி வைத்திருந்த அரிசியும் உளுந்தும் இரவே ஊறியிருந்தன. மிக்சியைப் போட்டதும் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாள், முத்து மாலை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். இன்று ஞாயிறு என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

"ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதுக்கா. சட்டம்."

"சர்ச் மணி காலையிலேர்ந்து அடிக்குதே, அது சத்தம் இல்லையா?"

"அது மணி. இது மிக்சி."

நாங்களும் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். எனக்கு மணி மேல் கோபமில்லை. ஆனால் ஜெபமாலை சொல்லி முடிக்கும் நேரம்கூட ஓடாத மிக்சிக்கு மாடிப்படி ஏறி வர வேண்டுமா? மீதியை, மிக்சி மேல் போர்வையைப் போட்டு மூடிக்கொண்டு அரைத்தேன்.

மாவைக் கரைத்து, புளிப்பதற்காக மின்சார ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அருள் சட்டென்று, "இந்த மாவாலதான்க்கா எனக்குப் பிரச்சினை" என்றான்.

பிறகு எல்லாம் வந்தது. வந்த முதல் குளிர்காலத்தில் அவனுக்கு மாவு புளிக்கவே இல்லை. லேபில் பாக்டீரியா வளர்க்க இன்குபேட்டர் என்று ஒரு அலமாரி. எந்நேரமும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒரு தட்டு காலியாக இருந்தது. பையன் இட்லி மாவுச் சட்டியைக் கொண்டுபோய் அதில் வைத்துவிட்டான்.

"அடப்பாவி!"

"முப்பது டிகிரி சும்மா கிடந்துச்சுக்கா."

காலையில் மாவு பொங்கி, தட்டு தட்டாக வழிந்து, கதவிடுக்கில் தரைக்கு வந்திருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அவனே ஒரு நாள் முழுக்க மருந்து போட்டுக் கழுவிவிட்டான். அதோடு அந்த அலமாரியில் வேறு எதுவும் வைத்ததில்லை. ஆனால் போட்டோ மட்டும் டீ குடிக்கிற அறைச் சுவரில் இன்றும் தொங்குகிறது. அவனுக்கு 'மாவு மனிதன்' என்று பெயர்.

அந்தச் சிரிப்புதான் இப்போது குற்றச்சாட்டாகித் திரும்பியிருந்தது.

அவனுடைய ஆராய்ச்சி என்ன என்று அன்றுதான் எனக்குப் புரியும்படி சொன்னான். நான் ரயிலைத் தவறவிட்ட கதையை வைத்தே சொன்னான். மரபணு என்பது நீளமான ரயில் மாதிரி. சில பாக்டீரியாக்களில் அந்த ரயிலின் நடுவே வேண்டாத ஒரு பெட்டி மாட்டிக்கொண்டிருக்கும். அந்த மரபணுவைப் பயன்படுத்த பாக்டீரியா ஒரு நகல் எடுக்குமாம். நகல் எடுத்ததும் அந்தப் பெட்டி தானாகவே மடங்கி, தன்னைத் தானே கழற்றிக்கொண்டு, முன்பாதியையும் பின்பாதியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் போய்விடும். ரயில் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். அதனால் அதை வைத்திருக்கிற பாக்டீரியாவுக்கு நஷ்டமில்லை.

"கழன்ற பெட்டி என்ன ஆகும்?"

"அங்கதான்க்கா விஷயம். அது இன்னொரு ரயிலுக்குப் போய், தனக்குப் பொருத்தமான எழுத்து வரிசை இருக்கிற இடமாப் பார்த்து நுழைஞ்சுக்கும். ஒரு பாக்டீரியாவும் இன்னொண்ணும் ஒட்டி நிக்கும்போது அதுல இருந்து இதுக்குத் தாவிப் போற வளையங்கள் உண்டு. அதுல உக்காந்துகிட்டு வேற பாக்டீரியாவுக்கே போயிடும்."

"டிக்கெட் இல்லாமலா?"

அன்றைக்கு அவன் சிரித்தது அப்போது மட்டும்தான். அப்படிப் போய் நுழைவதற்கு இவர்கள் வைத்திருக்கிற ஆங்கிலப் பெயருக்கு 'வீடு சேர்தல்' என்று அர்த்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டு வீடு சேர்ந்தேன் என்றால் என்ன நியாயம்?

அருள் செய்தது இது. பாலாடைக்கட்டி செய்கிற பாக்டீரியாவில் இந்தப் பெட்டி உண்டு. மனிதக் குடலில் வாழும் வேறு ஒரு பாக்டீரியாவை, பெட்டி இல்லாததாகப் பார்த்து எடுத்து, இரண்டையும் ஒரே குடுவையில் வளர்த்தான். கொஞ்ச காலத்தில் குடல் பாக்டீரியாவிலும் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. வேறு வேறு இனத்துக்குள் அது தாவியதைக் கண்ணெதிரே பிடித்துவிட்டான். அவனுடைய இத்தனை வருடப் படிப்பின் உயிர் அதுதான்.

அதைத்தான் இரண்டாவது தேர்வாளர் நம்பவில்லை. வேறு ஊர்ப் பேராசிரியர், வெள்ளைத் தாடிக்காரர். ஒருமுறை இங்கே வந்து டீ குடித்தபோது சுவரில் அந்தப் போட்டோவைப் பார்த்திருக்கிறார். குடலில் வாழும் அந்த இனம் இட்லி மாவிலும் இருக்குமாம். 'பெட்டியோடு இருந்த மாவுப் பாக்டீரியா ஒன்று இவர் கையிலிருந்து குடுவையில் விழுந்திருக்கலாம். எதுவும் தாவவில்லை' என்று சொல்லிவிட்டார். இவன் வீட்டு மாவையும் சோதித்து, குடுவையில் இருப்பது அதிலிருந்து வந்ததல்ல என்று காட்டினால்தான் வெள்ளிக்கிழமை தேர்வு. இல்லாவிட்டால் கிடையாது. எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் அருளின் வேலைக் காலமும் முடிந்துவிடும். என்னைக் கூட்டிப்போக அவன் வராத சனிக்கிழமை, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் புளித்த மாவைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அவனோடு போனேன். சாலை முழுக்க சைக்கிள். கம்பெனி அடையாள அட்டை தொங்க நம் ஊர் இஞ்சினியர்கள் வரிசையாக மிதித்துப் போனார்கள். சைக்கிள் பாதையில் தெரியாமல் காலை வைத்துவிட்டேன். மணி அடித்துத் திட்டியபடி போனவரும் நம் ஊர்க்காரர்தான். "அக்கா, பாத் மேல நிக்காதீங்க!" என்று தமிழிலேயே திட்டினார். இந்த ஊர் ஒழுங்கு ஆளை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது!

லேபில் காத்ரின் என்ற பெண் சோதனை செய்வதாக ஏற்பாடு. அருள் கை படக் கூடாது என்பது தாடிக்காரரின் நிபந்தனை. அந்தப் பெண் நல்லவள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆனால் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, என் மாவில் ஒரு சொட்டை எடுத்துக் குழாயில் அடைத்து, அதன் மேல் பேனாவால் எழுதினாளே, அப்போது எனக்குக் காது சுட்டது. நானும் தம்பியும் இதைத் தின்று வளர்ந்தவர்கள். அதைப் போய்க் குற்றவாளி மாதிரி எண் போட்டு நிறுத்தினார்கள். சோதனை முடிந்ததும் மாவையும் அதிலிருந்து வளர்த்ததையும் அன்றே ஆவியில் வேகவைத்துக் கொன்றுவிட வேண்டும், ஒரு சொட்டு லேபில் இருக்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு.

டீ அறையில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழே மேசையில் ஒரு பெரிய கண்ணாடிச் சாடி, உள்ளே முட்டைக்கோஸ் நுரைத்துப் புளித்துக்கொண்டிருந்தது.

"இது யாருது?"

"என் பக்கத்து மேசைப் பையனோடதுக்கா. வீட்டுல போட்டது, எல்லாருக்கும் குடுப்பான்."

"இதுல பாக்டீரியா இல்லையா?"

"கோடிக்கணக்குல இருக்கும்."

"அவனையும் சோதிக்கச் சொன்னாங்களா?"

அருள் இல்லை என்று தலையாட்டினான். அவனுடைய ஆராய்ச்சிக் குடுவையைத் தொட்டவர்களில் அந்தப் பையனும் ஒருவனாம். இன்குபேட்டரில் மாவு வைத்தது தப்புதான். நானாக இருந்தால் அன்றைக்கே முதுகில் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் மேசை மேல் புளிக்கிற கோஸைத் தாண்டி, எப்போதோ துடைத்த மாவைத் தேடிப் போகிறார்களே, அது என்ன கணக்கு?

மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் உருளைக்கிழங்கு உருண்டை போட்டார்கள். குழம்பு ஊற்றினால் உருண்டு ஓடுகிறது, கடித்தால் திரும்பக் கடிக்கிறது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் எங்களைப் பார்த்து ஏதோ பேசினார்கள். என்ன என்று அருளைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றான். விடாமல் கேட்ட பிறகு சொன்னான்.

"அது மாவு மனிதனோட அக்கா. மாவோட வந்திருக்காங்க, அப்படின்னாங்க."

மாவோடு வந்ததும் உண்மை, அக்கா என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த உருண்டை அதற்கு மேல் இறங்கவில்லை.

புதன்கிழமை முதல் முடிவு வந்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பிசிஆர் சோதனை. அந்தப் பெட்டி இருந்தால் கோடு தெரியும். என் மாவில் கோடு தெரிந்தது.

அருள் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். "மாவுல இருக்குதுக்கா. அவர் சொன்னது சரியாயிருக்கலாம்" என்றான். மாவில் இருப்பதும் குடுவையில் இருப்பதும் ஒன்றுதானா, வேறு வேறா என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க இன்னும் ஒரு நாள் ஆகுமாம். அதுவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் லேபில் அதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முட்டைக்கோஸ் பையன் தோளில் தட்டி, "வருத்தப்படாதே, மறுபடி செய்யலாம்" என்றானாம். இன்னும் ஒன்றும் தெரியாதபோதே துக்கம் விசாரிக்கிறான்!

எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. வசந்தி அக்காவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்கு மா அரைச்சிட்டியளோ?"

"தேர்வு நடக்குமான்னே தெரியலையே அக்கா."

"நடந்தால் மா வேணும். நடக்காட்டியும் பெடியனுக்குப் பசிக்கும். அரையுங்கோ. முடிவை அவை பாக்கட்டும்."

ஊறவைத்தேன். வியாழன் காலையில் அரைத்து, குளிரிலும் சீக்கிரம் புளிக்கட்டும் என்று பழைய மாவில் மிச்சமிருந்ததைச் சொட்டு விடாமல் வழித்து ஊற்றிக் கரைத்தேன். மிக்சி சத்தத்துக்குக் கீழ்வீட்டு அம்மாள் வரவில்லை. அன்று ஞாயிறு இல்லையே.

அன்று மதியம் அருள் போனில் அழுதான். முதலில் எந்த அழுகை என்று தெரியவில்லை. மாவில் இருந்தது அதே குடும்பம்தான், ஆனால் தூரத்து உறவு. எழுத்துகள் ஏகமாக மாறியிருந்தன. குடுவையில் இருந்ததோ பாலாடைக்கட்டிப் பாக்டீரியாவின் பெட்டி, எழுத்துப் பிசகாமல். அதற்கு இரு பக்கமும் இருந்தவை அவன் முதலில் எடுத்து வைத்த குடல் பாக்டீரியாவின் சொந்த எழுத்துகள். வெளியிலிருந்து எதுவும் விழவில்லை. அது தாவியது தாவியதுதான். காத்ரின்தான் முதலில் ஓடிவந்து சொன்னாளாம்.

வெள்ளிக்கிழமை தேர்வு நடந்தது. கடைசி வரிசையில் நானும் வசந்தி அக்காவும் உட்கார்ந்தோம். தாடிக்காரர் நிறையக் கேட்டார். அருள் நிறையச் சொன்னான். மாவு என்ற பேச்சே வரவில்லை. இத்தனை நாள் அவனைத் தூங்கவிடாமல் செய்த சந்தேகத்தை, இல்லாத ஒன்றைப் போல மூடிவிட்டார்கள். முடிவில் எல்லோரும் மேசையை முட்டியால் தட்டினார்கள். சண்டைக்கு வருகிறார்களோ என்று பயந்தேன். கைதட்டுவதற்குப் பதில் அதுவாம். அட்டையில் ஒரு கோமாளித் தொப்பி செய்து அவன் தலையில் வைத்தார்கள். டாக்டர் ஆகிவிட்டான்.

டீ அறையில் மின்னடுப்பை வைத்துச் சின்னச் சின்னத் தோசையாகச் சுட்டேன். வசந்தி அக்கா சட்னி பரிமாறினார். வரிசை தாழ்வாரம் வரைக்கும் நின்றது. முட்டைக்கோஸ் பையன் பல தடவை வந்தான். கடைசிக் கரண்டி மாவை ஊற்றிச் சுட்ட தோசை தாடிக்காரர் தட்டில் போனது. அதை மென்றுகொண்டே அவர் அருளிடம் உற்சாகமாக ஏதோ கேட்டார். அருள் என்னைப் பார்த்தான்.

"மாவுல இருந்த அந்தத் தூரத்து உறவு புதுசாம்க்கா. இதுவரைக்கும் யாரும் பார்க்காததா இருக்கலாமாம். உயிரோட வேணுமாம். மாவு கொஞ்சம் கேக்கிறார்."

திங்கட்கிழமை ஒரு சொட்டுகூட மிஞ்சாமல் கொல்லச் சொன்னவர். நான் காலிச் சட்டியைச் சாய்த்துக் காட்டினேன். பிறகு அவருடைய தட்டைக் காட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். பாதித் தோசை இருந்தது, சுட்ட தோசையில் உயிர் ஏது? வசந்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். திரும்ப அரைத்தால் அதே பாக்டீரியா வரலாம், அரைத்துத் தர முடியுமா என்று தாடிக்காரர் கேட்டார்.

எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

"முதல்ல என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க அக்கா."

வசந்தி அக்கா அதை ஜெர்மனில் சொன்னார். அருள், "விடுக்கா" என்றான். தாடிக்காரர் தட்டை ஒரு கையில் பிடித்தபடியே, அருள் நின்ற பக்கமாகத் தலையைச் சாய்த்து, "எண்ட்ஷுல்டிகுங்" என்றார். அந்தப் பக்கம்தான் தண்ணீர்க் குவளைகளும் இருந்தன.

"என்ன சொல்றார்?"

"அது ரெண்டுக்கும் சொல்லுறது தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டும் வரும். கொஞ்சம் வழி விடுங்கோ எண்டும் வரும்."

"இப்ப எதைச் சொன்னார்?"

"அது எனக்குச் சொல்ல ஏலாது. அவரைத்தான் கேக்கோணும்."

"கேளுங்க."

வசந்தி அக்கா கேட்டார். தாடிக்காரரின் முகம் தாடிக்கு மேலே சிவந்தது. அவர் தட்டை மேசையில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரைத் தாண்டி அருளிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் வசந்தி அக்காவைக் கேட்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அரிசியை ஊறப் போட்டேன்.